ஜனநாயகத்துக்கு எதிர்ப்பதம் சோசலிசம் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ரங்கூன்ல இருந்து எழுதுறேன். உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறது, போன வாரம் மாணவர் பக்கத்துல அரசாங்க முறைகள்னு ஒரு கட்டம் கட்டி இந்தப் பக்கம் ஜனநாயகம் அந்தப் பக்கம் சோசலிசம்னு போட்டிருந்தீங்க. எம்பேத்தி அதைப் படிச்சிட்டு "அப்ப சோசலிச நாட்டுல ஓட்டே கிடையாதா தாத்தா"ன்னு கேட்டுச்சு. ரெண்டு நாளா அதே நினைப்பு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

நாட்டை யார் ஆளுறாங்க, பிடிக்கலன்னா அவங்களை ஜனங்க மாத்த முடியுமா, இது ஒரு கேள்வி. ஜனநாயகம், மன்னராட்சி, ராணுவ ஆட்சி, ஒரே கட்சி ஆட்சி எல்லாம் இதுல வரும். நிலம் மில்லு பேங்க் கடை இதெல்லாம் யாருக்குச் சொந்தம், அரிசிக்கு யார் விலை வைக்கிறாங்க, இது வேற கேள்வி. முதலாளித்துவம், சோசலிசம், கலப்புப் பொருளாதாரம் எல்லாம் இதுக்குள்ள. உங்க ஊர்லயே ரேஷன் கடைல அரிசி இலவசம், அடுத்த தெரு மளிகைக் கடைல கடைக்காரர் வச்ச விலை, ரெண்டும் சேர்ந்து நடக்குதுல்ல, அதுதான் கலப்பு.

எங்க பர்மாவை எடுத்துக்கங்க. 1948ல சுதந்திரம் வந்துச்சு, ஊ நூ பிரதமர், பார்லிமெண்ட் இருந்துச்சு, கட்சிகள் இருந்துச்சு. அந்த வருஷமே நிலத்தை தேசியமயமாக்க, அதாவது கவர்மெண்ட் எடுத்துக்க, சட்டம் போட்டாங்க, உள்நாட்டுச் சண்டைல அது சரியா நடக்கல, 1953ல திரும்பவும் போட்டாங்க. 1930கள்ல நெல்லு விலை விழுந்து கடன் திரும்பாம கீழ் பர்மா வயல்ல கால்வாசி கிட்ட வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்மார் கைக்கு வந்திருந்துச்சு, அந்தச் சட்டம் அந்த நிலத்தையும் குறிவச்சதுதான். சட்டம் போட்டது ஜனங்க ஓட்டுல வந்த கவர்மெண்ட். அப்புறம் 1962 மார்ச்ல ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடிச்சு சோசலிசம்னு சொன்னாரு, 1963ல பேங்க் எல்லாம் கவர்மெண்ட் கைக்குப் போச்சு, 1964ல கடைகள். 1974ல புது அரசியல் சட்டம், அதுல தேர்தலும் உண்டு, ஆனா கட்சி ஒண்ணே ஒண்ணுதான்! அதனால பேத்திகிட்ட ஓட்டு இருந்துச்சும்மா, தேர்ந்தெடுக்கத்தான் ஆள் இல்லன்னு சொன்னேன். 1988ல அதே ராணுவம்தான் ஆட்சில, ஆனா சோசலிசத்தை விட்டுட்டு அந்த வருஷமே வெளிநாட்டு முதலீட்டுக்குச் சட்டம் போட்டு தனியார் வியாபாரத்தையும் திறந்துவிட்டாங்க. ஆளுறவங்க மாறல, பொருளாதாரம் மட்டும் தலைகீழா மாறிடுச்சு. உங்க கட்டத்துல இதை எந்தப் பக்கம் எழுதுவீங்க ஐயா?

இந்தியாவுலயும் 1969ல 14 பேங்கை தேசியமயமாக்கினாங்க. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாரு, 1970 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாதுன்னுடுச்சு, நஷ்டஈடு சரியில்லைங்கிறது ஒரு முக்கிய காரணம். கவர்மெண்ட் நஷ்டஈட்டை சரிபண்ணி திரும்ப சட்டம் போட்டுச்சு. பேங்கை கவர்மெண்ட் எடுத்துக்கிட்டது ரெண்டு நாட்டுலயும் நடந்ததுதான், ஆனா இந்தியாவுல எதிர்த்துக் கேக்க ஒரு வாசல் இருந்துச்சு.

எங்க தாத்தாவுக்கு மொகல் ஸ்ட்ரீட்ல ஜவுளிக்கடை. 1964ல ஒருநாள் காலைல ஆளுங்க வந்து சரக்கை எண்ணி கணக்குப் புக்கை வாங்கிக்கிட்டு மக்கள் கடைன்னு நம்பர் போட்டு போர்டு மாட்டிட்டாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு, அந்த போர்டு மட்டும் ஞாபகம் இருக்கு. தாத்தா கடைசி வரைக்கும் கடை போச்சேன்னு சொல்லி நான் கேட்டதில்ல, "யார்கிட்டப் போயி கேக்கணும்னே தெரியலயேடா"ன்னுதான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. 1987 செப்டம்பர்ல எனக்கும் அதேதான், 25, 35, 75 சாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க, மாத்தித் தரவும் இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு சேர்த்த பணம் அம்புட்டும் 75 நோட்டா வச்சிருந்தேன். கொஞ்ச நாள்ல 45, 90னு புது நோட்டு வந்துச்சு. இதைச் சொன்னா பாத்தீங்களா சோசலிசம்னாலே இப்படித்தான்னு சிலர் சொல்றாங்க, முதலாளித்துவம் வந்தா ஜனநாயகம் தானா வந்துடும்னும் சொல்றாங்க. 1988க்கு அப்புறமும் நான் இங்கதான் இருந்தேன், எனக்கு அப்படித் தெரியல.

அதனால அந்தக் கட்டத்தை ரெண்டாப் பிரிச்சுப் போடுங்க ஐயா, மேல யார் ஆளுறாங்க, கீழ யாருக்குச் சொந்தம். பக்கத்துல நாட்டுப் பேரையும் வருஷத்தையும் போடுங்க, வருஷம் இல்லாம பர்மான்னு மட்டும் போட்டா அது தப்பாத்தான் இருக்கும். பேத்தி அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கோயில் தமிழ் கிளாஸ் பிள்ளைங்க எல்லாருக்கும் அனுப்பி வச்சிருக்கு. நீங்க திருத்தம் போட்டதும் அதையும் அனுப்பச் சொல்றேன்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகர் ஒருவர்