கேக் குறிப்பிலும் பொருளின் உண்மையான பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த சாக்லேட் - செர்ரி அடுக்கு கேக் குறிப்பைப் படித்தேன். படம் கண்ணைப் பறித்தது. மூன்று அடுக்கு, ஓரமெல்லாம் வழிந்து நிற்கும் சாக்லேட், உச்சியில் சிவப்புப் பழங்கள். ஆனால் தேவையான பொருட்கள் என்ற இடத்தில் 'சாக்லேட் 1 கப், கிரீம் 1 கப், செர்ரி தேவைக்கு' என்று மட்டும்தான் இருந்தது. இதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது சாக்லேட்டும் அல்ல, நுரைத்து நிற்கிற கிரீமும் அல்ல, செர்ரியும் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்காக வீட்டில் கேக் செய்கிறேன். அந்த அக்கறையில்தான் இந்தக் கடிதம்.

முதலில் செர்ரி. சின்ன டப்பாவில் சர்க்கரைப் பாகில் ஊறி, பளபளவென்று சிவப்பாக விற்கிறதே, அது பெரும்பாலும் களாக்காய். நாம் ஊறுகாய் போடுகிற அதே களாக்காய்தான். கீறி விதை எடுத்து, பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒன்றை நறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான செர்ரிக்குள் ஒரே ஒரு உருண்டைக் கொட்டை. களாக்காயில் சின்னச் சின்னத் தட்டை விதைகள் பல; எவ்வளவு எடுத்தாலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். களாக்காய் நல்ல காய், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் புளிப்பையும் மணத்தையும் எடுத்துவிட்டு வெறும் இனிப்பும் நிறமுமாக ஆக்குவதுதான் வருத்தமாக இருக்கிறது. இதற்கு வழக்கமாகச் சேர்க்கும் நிறமி எரித்ரோசின். லேபிளில் 127 என்ற எண்ணில் இருக்கும். நம் நாட்டில் அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் உணவில் இதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து சாக்லேட். கடையில் 'டார்க் காம்பவுண்ட்' என்று கிடைக்கும் கட்டியில் கோகோ வெண்ணெய் இருக்காது. பதிலுக்குத் தாவரக் கொழுப்பு இருக்கும். அது சாக்லேட் என்ற பெயரில் விற்கப்படக் கூடாது என்பதுதான் சட்டம். பேக்கரிக்காரர்கள் அதைத் தேடி வாங்குவதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். கோயம்புத்தூரிலேயே சித்திரை வெயிலில் அடுக்களை அந்தச் சூட்டைத் தொட்டுவிடுகிறது, மதுரையையும் வேலூரையும் கேட்கவே வேண்டாம். காம்பவுண்டில் உள்ள கொழுப்பு அந்தச் சூட்டிலும் இறுகி நிற்கும். ஆனால் வாயில் போட்டதும் கரைவது கோகோ வெண்ணெய்தான். மற்றது மேல் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, கேக் அன்றைக்கே தீர்ந்துவிடப்போகிறது. நமக்கு எதற்குக் காம்பவுண்ட்? இத்தனைக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் கொட்டையிலிருந்து நல்ல சாக்லேட் செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கிரீம் விஷயம் சுருக்கமானது. அட்டைப் பெட்டியில் வருகிற ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நுரைத்து நிற்காது. அதற்கு 30 முதல் 35 சதவீதமாவது வேண்டும். ஆனால் அதே கிரீம், கனாஷ் என்கிற சாக்லேட் - கிரீம் கலவை செய்யத் தாராளமாகப் போதும். 300 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 200 கிராம் கிரீமைக் கொதி வரும் வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்கினால் கண்ணாடிபோல் மினுங்கும். பாதியை ஆறவைத்து அடித்தால் உள்ளே தடவலாம், மீதி மேலே ஊற்ற. தனியாக விப்பிங் கிரீம் தேட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் மாவு கலக்குவது. மைதா 220 கிராம், சர்க்கரை 300 கிராம், கோகோ பவுடர் 70 கிராம், ஒன்றரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. இதில் இரண்டு முட்டை, 240 மில்லி கெட்டி மோர், 120 மில்லி எண்ணெய் சேர்த்துக் கலக்கி, கடைசியாக 240 மில்லி கொதிக்கிற காபி. காபி என்றால் பால் சேர்க்காதது. ஃபில்டரில் இறக்கிய டிகாக்ஷனைப் பாதிக்குப் பாதி வெந்நீரில் கலந்தது. அதை ஊற்றுகிற நொடியில் கோகோ வாசனை எழும்பி, கூடத்தில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாவு ரசம்போல நீர்த்துவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே பயந்துபோய் ஒரு கைப்பிடி மைதாவைக் கூடப் போட்டுவிடுகிறார்கள். போடவே கூடாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். காபிச் சுவை கேக்கில் தெரியாது. சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக் கொடுக்கும். 7 அங்குல டின் மூன்றில் பகிர்ந்து, 175 டிகிரியில் அரை மணி நேரம். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்பதால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் கேக் கட்டிப்படாது.

மோர் எதற்கு என்று குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்வதே இல்லை. ஆப்ப சோடா பொங்கி வாயுவை விடுவதற்கு அமிலம் வேண்டும். அதைத் தருவது மோர். கோகோ பாக்கெட்டில் 501 என்று போட்டிருந்தால் அது காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்தை முறிக்கிற பொருள்) சேர்த்துப் பதப்படுத்திய கோகோ. நிறம் அடர்த்தியாக வரும், ஆனால் அதன் அமிலம் போயிருக்கும். அப்படிப்பட்ட கோகோவோடு மோருக்குப் பதில் பாலை ஊற்றினால் சோடா வேலை செய்யாமல் வாயில் சோப்பு வாடை தங்கும்.

ஆப்ப சோடாவும் ஒரு காரம்தான். அதனால்தான் பழத்தை மாவில் போட வேண்டாம் என்கிறேன். ஸ்ட்ராபெர்ரி, மல்பெரி, நாவல் எல்லாவற்றின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலம், பச்சை என்று மாறும். வகுப்பில் செம்பருத்திச் சாற்றில் சோடாவைக் கரைத்துப் பச்சையாக மாற்றிக் காட்டுவோமே, அதேதான். பழத்தை அடுக்குகளுக்கு நடுவில் வைத்தால் நிறம் அப்படியே நிற்கும். 400 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் பாதியை 80 கிராம் சர்க்கரையோடு கெட்டியாகக் காய்ச்சி, இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். நன்றாக ஆறட்டும். கீழடுக்கின் ஓரத்தில் கனாஷை வரப்புபோல் கட்டி, அதற்குள் இந்தப் பழக்கலவையைப் பரப்பினால் வெளியே கசியாது. நடு அடுக்குக்கும் இப்படியே செய்து, மேல் அடுக்கையும் வைத்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய கனாஷை ஓரத்தில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கேக் குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு சொட்டும் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். படத்தில் பார்க்கிற அழகு அப்படி வருவதுதான். மீதிப் பழத்தைத் துணியால் ஈரம் போக ஒற்றி, வெட்டப்போகும் நேரத்தில் மேலே அடுக்குங்கள்.

பழத்தைப் பருவத்தோடு எழுதுவது இன்னும் நல்லது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரி இங்கே கடைகளுக்கு வரும். மகாபலேஷ்வர் பழம்போல் பெரிதாக இல்லாவிட்டாலும் புளிப்பு உண்டு. டார்க் சாக்லேட்டுக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். மல்பெரி வீட்டில் காய்த்தால் அதைப் போடலாம். புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆடியில் நாவல் பழத்தைக் கொட்டை நீக்கிக் காய்ச்சிப் பாருங்கள், அதன் துவர்ப்பு சாக்லேட்டோடு நன்றாகச் சேர்கிறது. இதைச் செர்ரி கேக் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நாவல் பழக் கேக் என்றே பரிமாறலாம். ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் என்ற பெயரில் விற்கும் கேக்கில் கிர்ஷ்வாசர் என்ற செர்ரி மதுவின் சுவை தெரிந்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒரு கேக்கின் பெயருக்கு அவர்கள் அந்த மரியாதை தருகிறார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். குறிப்புகளில் மாவையும் சர்க்கரையையும் கோகோவையும் கிராம் கணக்கில் போடுங்கள். ஒரு கப் மைதாவை ஒருவர் தளர்வாக அள்ளினால் 120 கிராம், இன்னொருவர் அழுத்தி அள்ளினால் 150 கிராம். இந்த வித்தியாசத்தில் கேக் வறண்டுபோகும், செய்தவர் தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று விட்டுவிடுவார். அப்புறம், காம்பவுண்டைக் காம்பவுண்ட் என்றும் களாக்காயைக் களாக்காய் என்றும் அச்சிடுங்கள். இப்போது சமையலறைத் தராசு பெரிய விலை இல்லை, பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கிறது. மலை ஸ்ட்ராபெர்ரி வரத்து தொடங்குவதற்கு முன்னால், திருத்திய அளவுகளோடு அந்தக் குறிப்பை மறுபடியும் வெளியிட்டால், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் வீட்டில் செய்ய நினைக்கிற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோயம்புத்தூர்.