ஊர்ச் செய்தியை ஊருக்கே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் உள்ளூர் டிவி நிலையங்கள் ஒருசில நிறுவனங்களின் கைக்குப் போவதை மக்கள் எதிர்ப்பது நியாயம்தான். 2018-இல் சின்க்ளேர் நிறுவனத்தின் நிலையங்களில், வெவ்வேறு ஊர்களில் செய்தி வாசிப்பவர்கள் ஒரே அறிக்கையை எழுத்து மாறாமல் வாசித்தார்கள். அந்தக் காட்சிகளை அடுக்கிய வீடியோவைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நம் ஊர்க்காரர் என்று நம்பித் தினமும் மாலையில் பார்க்கிற முகம். பேசுவதோ எங்கோ இருக்கும் தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்தது.

எதிர்ப்புக்குப் பலன் உண்டு. 2003-இல், ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. ஆணையம், நாட்டின் டிவி வீடுகளில் ஒரே நிறுவனம் எட்டக்கூடிய உச்ச அளவை 35 சதவீதத்திலிருந்து 45 ஆக்கியது. மக்கள் லட்சக்கணக்கில் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதை 39 ஆக்கியது.

2025-இல் பல ஊர்களில் டிவி நிலையங்கள் வைத்திருக்கும் டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்குவதாக அதேபோன்ற இன்னொரு நிறுவனமான நெக்ஸ்டார் அறிவித்தபோது, செலவு மிச்சமாகும் என்றார்கள். சரி, எங்கிருந்து மிச்சமாகும்? ஒரே ஊரில் இரண்டு செய்தி அறைகள் ஒன்றானால், பள்ளி வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் செய்தியாளருக்குத்தான் முதலில் வேலை போகும்.

– ஒரு வாசகர்