ராக்கியும் அதன் மேசையும்

இஸ்தான்புல்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் மிக்க மகிழ்ச்சி. ராக்கி என்று எதைத்தான் இந்த ஊரார் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கே இப்பதில்.

ராக்கி துருக்கியரின் மது. திராட்சையிலிருந்தோ உலர்திராட்சையிலிருந்தோ வடித்த சாராயத்தில் அனீஸ் விதையைச் சேர்த்து, செம்புக் கொப்பரையில் மறுபடியும் வடிப்பார்கள். அனீஸ் நம் சோம்பு அன்று, வேறு செடி; ஆனால் இரண்டின் மணத்துக்கும் அனெத்தோல் என்னும் ஒரே எண்ணெய்ப்பொருள்தான் காரணம் என்பதால், குவளையை முகர்ந்த மாத்திரத்தில் ஓட்டல் கல்லாவில் தட்டில் வைத்திருக்கும் சோம்பு உன் நினைவுக்கு வரும். உயரமான ஒடுங்கிய குவளையில் முதலில் ராக்கி, அடுத்துத் தண்ணீர், கடைசியில்தான் பனிக்கட்டி. தண்ணீர் பட்டதும் அனெத்தோல் கரைந்திருக்க முடியாமல் நுண்துளிகளாகப் பிரிய, தெளிந்த சாராயம் பாலாக வெளுத்துவிடுகிறது. சிங்கப்பால் என்ற செல்லப்பெயர் அதனால்தான். பனிக்கட்டியை முந்திப் போட்டால் அனெத்தோல் குளிரில் உறைந்து செதில் செதிலாக மிதக்கும். பரிமாறுபவர் ஒன்றும் சொல்லமாட்டார், முகம் மட்டும் சுளிக்கும்.

ஆனால் இங்கே பெரியது குவளையன்று, மேசைதான். மேய்ஹானே எனப்படும் மதுக்கூடங்களில் முதலில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முலாம்பழமும் வரும். பிறகு தயிரில் பூண்டு சேர்த்த ஹய்தாரி, சுட்ட கத்தரிக்காய் என்று சிறு தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து, மீன் வருவதற்குள் இரவு பாதி கழிந்திருக்கும். சாப்பிடாமல் குடிப்பதும், குடித்துவிட்டுக் குரலை உயர்த்துவதும் மரியாதைக் குறைவு. 'ஷெரெஃபே' என்று குவளைகளை மோதிக்கொண்ட பின், வராதவர்களுக்காக அடிப்பாகத்தை மேசையில் ஒருமுறை தட்டுவோரும் உண்டு. உன் பெயரைச் சொல்லி நானும் தட்டியிருக்கிறேன்.

உஸ்மானியர் காலத்தில் இக்கூடங்களைப் பெரும்பாலும் கிரேக்கரும் ஆர்மீனியரும் நடத்தினர். 1920-இல் அங்காரா சட்டமன்றம் மதுவிலக்கு கொண்டுவந்து, 1924-இல் அதைக் கைவிட்டது. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கே ராக்கிப் பிரியர் என்பது ஊரறிந்த செய்தி. 2013 சட்டப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது, விளம்பரத்துக்கும் தடை. இவற்றைவிட வரிதான் கடுமையாக அடிக்கிறது. புட்டியின் விலை ஏற ஏற, பலர் வீட்டிலேயே காய்ச்சத் தொடங்கிவிட்டனர். மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் இஸ்தான்புல்லில் உயிர்கள் போயிருக்கின்றன. குடியைக் குறைக்க வந்த வரி, நாலு பேர் கண்முன் நிதானமாகக் குடிப்பவனை மேசையிலிருந்து எழுப்பிப் பூட்டிய அறைக்குள் அனுப்புகிறது என்பதே என் எண்ணம். கள்ளச் சாராயச் சாவுகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீ குடிக்காதவன் என்பதால் தயங்காதே. அதானாப் பக்கத்துக் கறுப்புக் காரட்டைப் புளிக்கவைத்துச் செய்யும் ஷல்கம் சாற்றை ராக்கிக்குத் துணையாக வைப்பது வழக்கம். புளிப்பும் உப்பும் உறைப்புமான அதை நீ ஏந்திக்கொண்டு உட்கார்ந்தால் எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பயணத் தேதியை மட்டும் முன்னதாக எழுது. வெள்ளிக்கிழமைகளில் இடம் கிடைப்பது அரிது.

அன்புடன்,
ராகவன்