பழைய போர்தோ எல்லாம் பக்குவமான போர்தோ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரான்சின் போர்தோ ஒயின்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆண்டுகள் ஏற ஏற சுவையும் ஏறிக்கொண்டே போகும் என்று முடிகிறது. இதை நம்பி யாராவது பாட்டிலைப் பூட்டி வைத்தால் நஷ்டம் அவருக்குத்தான். போர்தோவில் வயது வரிசை வேறு, பக்குவ வரிசை வேறு. 2009 அறுவடை இன்று நன்றாகக் குடிக்க வருகிறது. அதைவிட நான்கு வயது மூத்த 2005-இல் உயர்தரத் தோட்டங்களின் ஒயின்கள் பல இப்போதுதான் இளகத் தொடங்கியிருக்கின்றன. 2003-இல் பெரும்பாலானவை எப்போதோ குடித்து முடித்திருக்க வேண்டியவை.

காரணம் அந்தந்த ஆண்டின் வானிலை. சிவப்பு ஒயினைத் தாங்கி நிற்பவை திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், புளிப்பைத் தரும் அமிலம், பழச்சாரம் ஆகிய மூன்றும். அதிகம் கொதித்த தேநீர் நாக்கைப் பிடிக்கிறதே, டானினின் துவர்ப்பும் அப்படித்தான். நாளாக ஆக டானின் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, மண்டியாக அடியில் தங்கும், ஒயின் மிருதுவாகும். ஆனால் பழச்சாரமும் அதே வேளையில் தேய்ந்துகொண்டே வரும். துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் தீர்ந்துவிட்டால் மிஞ்சுவது வறட்சிதான். 1975 அறுவடையில் பல பாட்டில்களுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது.

2009-ஐயும் 2010-ஐயும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் இது தெளிவாகப் புரியும். இரண்டுமே வெயிலும் வறட்சியும் நிறைந்த கோடைகள். 2009-இல் பழம் நன்றாகக் கனிந்ததால் டானின் மென்மை, அமிலம் குறைவு, இளமையிலேயே இனித்தது. 2010-இல் இரவுகள் குளிர்ந்ததால் அமிலம் கரையாமல் நின்றது. டானினும் ஆல்கஹாலும் அமிலமும் ஒருசேர உயர்ந்த ஆண்டு அது. போர்தோவின் பொய்யாக் ஊர்ப் பெரிய தோட்டங்களின் 2010-ஐ இன்று திறந்தால் முதல் ஒரு மணி நேரம் வாசமே காட்டாது. கெட்டுவிட்டது என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. இளமையின் பழ வாசம் அடங்கி, முதிர்ச்சியின் தேவதாரு, புகையிலை வாசங்கள் எழுவதற்குமுன் சில ஆண்டுகள் ஒயின் இப்படி வாய்மூடிக் கிடப்பது இயல்பு.

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் கொடிகள் வாடி, அமிலம் சரிந்து, பழம் உலர்திராட்சை வாசத்துக்குப் போனது. இதில் செந்த் எஸ்தெஃப் பகுதி விலக்கு. அங்கே சரளைக்கு அடியில் இருக்கும் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்தது. மோன்ரோஸ் தோட்டத்தின் 2003 இன்றும் அதற்குச் சாட்சி. 2013-இன் கதை நேர் எதிர். பூக்கும் பருவத்தில் குளிரும் மழையும் வந்து பூ உதிர்ந்தது, இலையுதிர் காலத்தில் பழம் அழுகியது. அவசரமாகப் பறித்து எடுத்த மெல்லிய ஒயினைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

ஆண்டோடு கரையையும் பார்க்க வேண்டும். ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையான மெதோக்கில் கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற திராட்சை வகை ஓங்கி நிற்கும். வலப்பக்கம் பொமரோலிலும் செந்த் எமிலியோனிலும் மெர்லோ வகை. இது பொதுவாக முன்னதாகவே இளகும். 2015-இல் வலக்கரையும், மெதோக்கின் தெற்கே உள்ள மார்கோவும் சிறந்தன, வடக்கு மெதோக்கில் மழை குறுக்கிட்டது. 2016-இல் ஜூன் நடுவரை மழை, பிறகு நீண்ட வறட்சி, குளிர்ந்த இரவுகள். இடக்கரை கேபர்னேவுக்கு இதைவிடச் சீரான ஆண்டு அண்மையில் குறைவு. பெரிய தோட்டத்து 2016 கையில் இருந்தால் இப்போது தொட வேண்டாம்.

இவ்வளவும் பாட்டில் ஒழுங்காக இருந்திருந்தால்தான். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, கார்க் காயாமல் படுக்கை வாட்டம். நம் ஊர் அலமாரியில் ஒரு கோடையைக் கழித்தாலே ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். மூடியுறைக்கு அடியில் பிசுக்கு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 20 வயதுப் பாட்டிலில் ஒயின் கழுத்தளவு நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

திறப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். பழைய கார்க் திருகாணியில் நொறுங்கிப்போகும். இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் செருகி இழுக்கும் கருவியே நல்லது. கழுத்துக்குப் பின்னால் டார்ச் வைத்து ஒரே சீராகச் சாய்த்து வேறொரு குடுவையில் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 2010-ஐ இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடலாம். 1980-களின் ஒயினை அப்படி விட்டால் வாசம் பறந்துவிடும், ஊற்றியதும் குடிக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரியே அளவு. அறைச்சூட்டில் பரிமாறினால் ஆல்கஹால்தான் முன்னே நிற்கும். கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்தால் விளிம்பு ஊதாவாக இருப்பது இளமை, செங்கல் நிறம் பக்குவம், முழுவதும் பழுப்பேறியிருந்தால் காலம் கடந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் கார்க்கின் குறை, எவ்வளவு காற்றாட விட்டாலும் போகாது.

இனி இப்பகுதியின் ஒயின்களைப் பற்றி எழுதும்போது ஆண்டு, கரை, ஊர் மூன்றையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், புதுச்சேரி