வெட்டுக்காரப் பாட்டாவுக்கு

அன்புள்ள பாட்டா,

இதை உங்கள் பேத்திதான் வாசித்துக் காட்டுவாள். மக்ளே, நிறுத்தி நிறுத்தி வாசி. பாட்டா நடுவில் கேள்வி கேட்பார்.

நான் தாவரவியல் படித்துவிட்டு அருமனைக்குத் திரும்பி வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா காலம் தொட்டு எங்கள் ரப்பர் மரங்களில் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் வெட்டு வேலை உங்களுடையதுதான். ஒருநாள் விடியற்காலையில், நாலு பேர் நிற்கும்போது கேட்டேன்: வெட்டு ஏன் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து வருகிறது, தெரியுமா? “அப்பிடித்தான் எனக்குப் படிப்பிச்சது மக்ளே” என்றீர்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை, ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, எதிர்ச்சரிவாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்று விளக்கினேன். அதோடு விடவில்லை. “உங்களுக்குப் படிப்பிச்சவருக்கே இது தெரிஞ்சிருக்காது” என்றும் சொன்னேன். சொன்ன தகவல் சரிதான். சொன்ன விதத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ரப்பர் ஷீட் கணக்கை நீங்கள் மலையாளத்தில் எழுதிவைப்பதைப் பார்த்து, தமிழ் வாசிக்கத் தெரியாதவர், அதனால் படிக்காதவர் என்று நினைத்திருந்தேன். 1956 நவம்பரில் நம் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரும் முன்பே நீங்கள் மலையாளப் பள்ளியில் படித்தவர் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாதவன் நான்தான்.

பட்டையை வீணாக விடுகிறீர்கள் என்று கத்தியை வாங்கி ஒரு மாதம் நானே வெட்டினேன். முதல் வாரம் சிரட்டை நிறைந்தது. வீட்டில் பெருமை பேசினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் வந்து மரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனீர்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் ஈரமான மெல்லிய படலத்தில் கத்தி பட்டால் மரம் காயப்படும் என்பதை நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே தொடங்குகிறது என்பது என் கைக்குத் தெரியவில்லை. காயம்பட்ட இடங்களில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்தது. அதில் ஒழுங்காக இன்னொரு சுற்று வெட்ட முடியாது. அந்த மரங்கள், முறிப்பதற்கு முன் கடைசியாக வெட்டும் கடும்வெட்டுக்குப் போகும்வரை, என் அவசரம் அவற்றின் மேல் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது.

படிப்பித்துத் தாருங்கள் என்று கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வெட்கம்தான், வேறென்ன. நீங்கள் பழையதைக் கிளறவில்லை. முறிக்கப்போகிற ஒரு கிழ மரத்தைக் காட்டி “இதுல தொடங்கு” என்றீர்கள். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “பாலைப் பாக்காதே, சீவலைப் பாரு” என்றீர்கள். சீவல் ஒரே கனத்தில் விழ எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஆனாலும் பாட்டா, நான் அதிகம் கற்றது வேறொரு நாளில். ரப்பர் போர்டு கூட்டத்தில் ஒரு இளம் அதிகாரி, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதற்குப் பதிலாக, பட்டையில் பால் அதிகம் வடியவைக்கும் எத்திபான் மருந்தைப் பூசி வாரம் ஒருமுறை வெட்டினால் போதும் என்றார். பட்டை மிச்சமாகும், மரம் அதிக வருடம் நிற்கும். அதே கணக்கில் உங்களுக்கு வேலைநாள் குறையும். கூட்டத்தில் எத்தனையோ பேர் முணுமுணுத்தார்கள். ஐம்பது வருடம் வெட்டிய நீங்கள் மட்டும் எழுந்து, பேரன் வயதுப் பையனை “சார்” என்று கூப்பிட்டு, மருந்தின் அளவையும், பூசி எத்தனை நாள் கழித்து வெட்ட வேண்டும் என்பதையும் கேட்டீர்கள். “புரியல்ல, இன்னொருக்கச் சொல்லணும்” என்று இரண்டு தடவை சொன்னீர்கள். அத்தனை பேர் நடுவில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அன்றும் தைரியமில்லை. பிறகு பத்து மரத்தில் செய்து பார்த்தீர்கள். பார்த்து முடிக்கும்வரை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் வெட்டுக்குள் மழை இறங்காதபடி மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டும்போது, அசாமிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்யும் பையன், தார்ப்பசை பூசுமுன் பட்டைப் பொருக்கை இன்னும் கொஞ்சம் சுரண்டணும் என்று பாதி மலையாளத்தில் சொல்ல வந்தான். அவன் முடிக்குமுன் “எனக்குத் தெரியும்” என்று வெட்டிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அன்று நாலு பேர் முன்னால் உங்கள் முகம் சுருங்கியதா என்று நான் பார்க்கவே இல்லை பாட்டா. பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவனிடம் போய், எனக்குக் காட்டித் தா என்றேன். அவன் கட்டிய மரங்களில் வெட்டுக்குள் ஒரு சொட்டு மழை இறங்கவில்லை. நான் கட்டியவற்றில் நாலைந்து ஒழுகின.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கத்தியின் உள்மூலையைத் தீட்டுவது இன்னும் எனக்கு வசப்படவில்லை, அவனுக்கும் வரவில்லை. உங்களுக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, விரலால் தடவிப் பார்த்தே சொல்வீர்கள். சாணைக்கல்லை வெள்ளனே தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.