ஏழு குஞ்சுகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். நேற்று விடியற்காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா வளர்த்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள் வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் போனது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த இனத்தைத் தேடி அலைந்தேன். கடைசியில் சிறுமலை அடிவாரத்தில் ஒரு பாட்டியிடம் பதினொரு முட்டை கிடைத்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். "பொரித்தால் ஒரு சோடி கொண்டுவந்து கொடு, போதும்" என்றார்.

வீட்டில் அடைக்கோழி இல்லாததால் இன்குபேட்டரில் வைத்தேன். 37.5 டிகிரி, நாளுக்கு நான்கு முறை திருப்பினேன். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்பது முட்டைகளில் சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன. இரண்டு கூமுட்டை.

பதினேழாம் நாள் இரவு மின்சாரம் போனது. இரண்டு மணிக்கு இன்குபேட்டர் 31 டிகிரிக்கு இறங்கிவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை. எதிர்வீட்டு அத்தையின் கறுப்புப் பெட்டை ஒரு வாரமாக வெறும் கூடையில் அடை கிடந்தது. முட்டைகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அத்தை தூக்கக் கலக்கத்திலும் கூடை மணலில் ஓர் இரும்புத்துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்த பிறகுதான் முட்டையை வைக்கவிட்டார். இடி இடித்தாலும் கெடாதாம்! நான் மறுபேச்சு பேசவில்லை. கோழி ஒவ்வொன்றாக அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

நேற்று இருபத்தொன்றாம் நாள். கூடையில் காதை வைத்தேன். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். மேலிருந்து கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறது. முதல் முட்டையில் நட்சத்திரம்போல ஒரு விரிசல். அதில் அலகு நுனியின் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஓட்டை உடைக்கத்தான் அந்தச் சிறு முள், பிறகு உதிர்ந்துவிடும். மதியத்துக்குள் ஏழு குஞ்சுகள். மற்ற இரண்டும் உள்ளேயே இறந்துவிட்டன. இரவு முழுக்க அவற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை, மனத்தை அரிப்பது வேறொன்று. அடை கிடக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் முட்டைப் பண்ணை இனங்களில் அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். இப்போது நாட்டுக்கோழி என்று சந்தையில் விற்பதில் பல அவற்றோடு கலந்தவை. நிறத்தில் ஏமாற்றும், அடைக்கு உட்காராது, பருந்தைக் கண்டால் குஞ்சைக் கூப்பிடாது. சிறுவிடை உருவத்தில் சின்னது, முட்டையும் சின்னது. ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் நாளுக்கு ஒருமுறை தீனிக்கு எழுவதோடு சரி. அந்த அறிவு ஒருமுறை அற்றுப்போனால் எந்தக் கடையில் வாங்குவது? நானும் மெஷினிலேயே பொரித்துக்கொண்டிருந்தால் நானே அதைக் கெடுத்தவன் ஆவேன். இனி அடையில் நன்றாக உட்காரும் பெட்டையின் முட்டையை மட்டுமே வம்சத்துக்கு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ கடக்நாத் கோழி வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் சொத்து. 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு. ஆனால் முட்டை கறுப்பில்லை, வெளிர் பழுப்புதான். கறுப்பு முட்டை என்று எவனாவது விற்றால் நம்பாதே.

எனக்கு ஓர் உதவி செய். இந்த ஏழும் ஒரே குடும்பம். தமக்குள்ளேயே சேர்த்தால் வம்சம் மெலிந்துவிடும். உன் மாமியார் ஊரில் கலப்பில்லாத சிறுவிடைச் சேவல் இருந்தால் விசாரித்து வை. குட்டைக் காலும் ஒடுங்கிய உடம்புமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது ஓலைக்கூடையில் போட்டுக் கொண்டுவா. பஸ்ஸில் கூவினால் சமாளித்துக்கொள். பெரியகுளத்தான் ஆட்டுக்குட்டியோடு வந்தபோது நாம் சமாளிக்கவில்லையா?

கூடையில் கீச்சொலி பலமாகிறது. நொய் அரிசி வைக்க வேண்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மாப்பிள்ளை