யார் பெத்த பிள்ளையோ

அப்புத்தளை
ஐப்பசி

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு பேசும்போது லைன் இரண்டு தரம் அறுந்துபோனது. சொல்ல நினைத்தது பாதியில் நின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீ அங்கே ஆராய்வதற்கு எடுத்திருப்பதாகச் சொன்ன அந்தப் பழைய தாடை எலும்பு என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை. பெட்டியில் ஓர் இலக்கம், அதற்குக் கீழே ‘சிலோன்’ என்ற ஒரே சொல். நூறு வருஷத்துக்கு மேல் அந்த அலுமாரியில் கிடந்திருக்கிறது. பல்லில் குறுக்காக இரண்டு வரி ஓடுகிறது என்றாய். சின்ன வயதில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் வளர்வது தடைப்பட்டு அப்படி வரி விழும் என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்கத் தண்ணீர் வடியும் கான் வெட்டினார்கள். ஓரிடத்தில் மண்வெட்டியில் எலும்பு தட்டுப்பட்டது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் செத்தவர்களை அங்கேதான் புதைத்தார்களாம். கல் இல்லை, பேர் இல்லை. வேலையைப் பார்த்தவர் மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அப்பாயி இறங்கி வந்தார். மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி அந்த எலும்பின் மேல் போட்டார். “யார் பெத்த பிள்ளையோ” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. நனைந்துகொண்டே அங்கேயே நின்றார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழுந்தது.

உன் அலுமாரியை நிரப்பிய மனிதர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, மகள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பால் சரசினும் பிரிட்ஸ் சரசினும் 1880களில் இங்கே வந்து, இந்தத் தீவின் பூர்வகுடிகளான வேடர்களின் எலும்புகளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் மண்டையோட்டின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று அளந்து, இது எந்த இனம், மேலா கீழா என்று தரம் பிரித்தார்கள். அதைத்தான் விஞ்ஞானம் என்றார்கள். எத்தனையோ நாடுகளில் ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் கேட்பாரற்றுச் செத்த ஏழைகளின் உடல்களும் இப்படித்தான் அலுமாரிக்குப் போயின. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் உன் கையில் இருக்கும் முறைகள் வேறு. எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், எனாமல் ஒரு தரம் உருவானால் அப்படியே நின்றுவிடும் என்று நீ விளக்கியது எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளை சின்ன வயதில் குடித்த தண்ணீர் எந்த மாதிரிப் பாறையில் ஓடி வந்தது என்பதன் அடையாளம் ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமமாக அந்தப் பல்லில் இருக்கிறது. என்ன சாப்பிட்டது என்பது கார்பனில் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் கீழே தெரிகிறதே, அந்தப் பலாங்கொடைப் பக்கமும் பாஹியன்கலைக் குகையிலும் முன்பே தோண்டி எடுத்து வைத்திருந்த பற்களைத் திரும்ப எடுத்து 2015இல் பார்த்தார்கள் அல்லவா? 26 பேரின் பற்கள். ஏறக்குறைய 20,000 வருஷமாக மழைக்காட்டை நம்பியே இங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள் என்று அந்தப் பற்கள் சொல்லின. அடர்ந்த காட்டில் மனிதனால் அப்படிப் பிழைத்திருக்க முடியாது என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்! அப்பாயி கேட்டதற்குப் பதில் சொல்ல இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். முதலில் ஸ்கேன் எடுத்து, பல்லின் உருவத்தை முழுதாகப் பதிந்து வைத்துக்கொள். அப்புறம் தொடு. சில மில்லிகிராம் தூள் போதும் என்றால் அதற்கு மேல் ஒரு துளியும் எடுக்க விடாதே. நம் நாட்டு வெக்கையிலும் ஈரத்திலும் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும் என்று நீயே சொல்கிறாய். கிடைக்காது என்று தெரிந்தும் சும்மா ஒரு தரம் பார்ப்போமே என்று யாராவது துளை போட வந்தால் குறுக்கே நில். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. ‘சிலோன்’ என்று மட்டும் இருப்பதால் யாரிடம் அனுமதி கேட்பது என்று உங்கள் ஆட்கள் கையை விரித்தார்கள் என்றாயே, அதை ஒத்துக்கொள்ளாதே. 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர்களின் தலைவரிடமே கையளித்தது. கேட்க ஆள் இருந்தார், கொடுக்கவும் மனம் இருந்தது. இந்தப் பிள்ளை வேடர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், கண்டிச் சிங்களப் பிள்ளையாக இருக்கலாம், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து வந்த நம் ஆட்களின் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த வழியில் எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தோம்! 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்களை நினைத்து நடந்தபோது, கடைசி நாள் நானும் கூடப் போனேன். வழியில் ஒரு குழிகூட இன்னாருடையது என்று காட்ட முடியவில்லை. இன்னாருடைய பிள்ளை என்று தெரியாவிட்டால் எல்லாரையும் கேளுங்கள். எங்களையும் சேர்த்து.

சின்னப் பிள்ளையின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, எனாமலில் உள்ள ஒரு புரதம் அதைக் காட்டிக்கொடுக்கும் என்றாய். அம்மா அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பையனா பொம்பளைப் பிள்ளையா என்று தெரிகிற அன்றைக்கு, எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அப்பா